எழுபத்தொன்றாம் மாதிரி

1897 நவம்பர் 8, திங்கள்

புது நோட்டு. பழையதில் கடைசி நாற்பது பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. என் எழுத்தை ஆசையோடு படித்த ஒரே ஜீவன் அதுதான் என்கிறாள் தெய்வநாயகி. கட்டின பெண்சாதிக்கு இவ்வளவு வாய் கூடாது.

அடுத்த கரையானுக்காக விவரம் எழுதி வைக்கிறேன். பெயர் வேதகிரி முதலி. வயது முப்பத்தெட்டு. சர்க்கார் கட்டட இலாகாவில் டிராப்ட்ஸ்மேன். கில்லேதார்பேட்டையில் கட்டுகிற டவுன் ஹாலுக்கு நாலு வருஷமாகப் படம் போடுகிறேன். நடுவில் இங்கிலீஷ் மாதாகோவில் போல மணிக்கூண்டு, அதன் தலையில் மசூதிக் கும்மட்டம், தாழ்வாரம் நெடுக நம் கோவில் யாளித் தூண்கள். ஜன்னலெல்லாம் கூர்வளைவு, அதில் சீமையிலிருந்து வந்த வண்ணக் கண்ணாடி. ஊர்க்காரர்கள் இதற்கு ‘மூணு மாமியார் வீடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதுதான் உங்கள் தேசத்தின் சொந்தப் பாணி என்கிறார் எஞ்சினீயர் கார்ஸ்லேக் துரை. என் தேசத்தின் சொந்தப் பாணியை நான் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

துரை நல்ல மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும். கோவிலுக்குள் போனால் யாரும் சொல்லாமலே பூட்சைக் கழற்றுகிறவர். ஆனால் அவருக்குப் பூவேலை எதுவும் சொந்தமாக யோசித்ததாக இருக்கக் கூடாது, பழைய கட்டடத்திலிருந்து அப்படியே எடுத்ததாக இருக்க வேண்டும். அதற்காக நான் ஜில்லா முழுக்கச் சுற்றினேன். கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, மசியை ஒற்றி, உருவத்தைப் படி எடுக்க வேண்டும். பிறகு அதைச் சுத்தமாக வரைந்து நம்பர் போட்டு மாதிரிப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். மொத்தம் நூற்றெண்பத்து நாலு மாதிரி. ஒன்றில்கூடக் கோடு பிசிறியிருக்காது.

படத்தைக் கல்லாக்குகிறவர் தஸ்தகீர் மேஸ்திரி. உள்ளூர்க்காரர். எந்தச் சாமியின் பூவானாலும் அவர் உளிக்கு ஒன்றுதான். இந்த வேலைக்கு முன்னால் மீசான் கல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் ஜனங்களின் சமாதிமேல், அவர்கள் பேச்சில் கபர்மேல், பெயர் பொறித்து வைக்கிற கல். திறப்பு விழாவில் கலெக்டர் கையால் அவருக்குச் சால்வை போட வேண்டும் என்று துரை எழுதி அனுப்பியிருக்கிறார். என்னை ஹெட் டிராப்ட்ஸ்மேன் ஆக்கச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். சால்வை எனக்கு இல்லையே என்று கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நவம்பர் 11, வியாழன்

இன்று பூவேலைத் தேர்வு. துரை மாதிரிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஜவுளிக் கடையில் உட்கார்ந்த பெண்பிள்ளை மாதிரி, இதை அங்கே போடு, அதை இங்கே போடு என்றார். எது எங்கிருந்து வந்தது என்று இந்த வேலையில் யாரும் பார்ப்பதில்லை. நம்பரும் அளவும்தான் பேச்சு. அம்மன் சன்னதித் தாமரை வக்கீல்கள் உட்காரும் அறையின் விதானத்துக்குப் போயிற்று. பள்ளிவாசல் கொடி மாடிப்படிக் கைப்பிடிக்குப் போயிற்று.

முன்வாசல் நிலைப்படிக்கு எட்டடி நீளத்தில் ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு பட்டை தேவைப்பட்டது. எழுபத்தொன்று அச்சாகப் பொருந்தியது. கருங்கல்லின் மேல்முகத்தில் வெட்டி வெள்ளைச் சுண்ணாம்பு அடைத்தால் உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் என்றார் துரை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் படம் வரையும்போது என் கை எப்படி ஓடியது என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கே கிடைத்தது இது என்று கேட்டார். இடிந்த அரண்மனையில் விழுந்து கிடந்த ஒரு கல்லில் என்றேன். படத்துக்குக் கீழேயும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியவன் நான்தான்.

நவம்பர் 12, வெள்ளி

தலைவலி. சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு ஆபீஸ் போனேன்.

டிசம்பர் 6, திங்கள்

எழுபத்தொன்றை முழு அளவில் வரைந்து மேஸ்திரியிடம் கொடுத்தேன். கொட்டகையில் தரையில் விரித்துக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, படத்தைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

“முதலியாரே, இது எங்க எடுத்தீங்க?”

“அரண்மனையில. ஏன்?”

“இது பூ இல்லீங்க. எழுத்து. மீசான் கல்லுல எழுதற எழுத்து. ரெண்டு கடைசியிலயும் நீங்க பூ வெச்சு மூடியிருக்கீங்க. நடுவுல ஒரு பொம்பளப் புள்ளையோட பேரு இருக்குது. சகீனா. பக்கத்துல அவ அத்தா பேரு.”

“அப்படியா” என்றேன்.

“எங்க வெட்டப் போறோம் இத?”

முன்வாசல் நிலைப்படியில் என்றேன்.

“மிதிபடற எடத்துலயா?”

நான் அளவுகோலைத் துடைத்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அந்தப் புள்ள யாருன்னு எனக்குத் தெரியாது. எங்க சொந்தமும் இல்ல. எப்பவோ செத்தது. ஆனாலும் யாரோ பெத்த புள்ளதானே முதலியாரே. ஊரு சனம் மொத்தமும் அது பேருமேல ஏறி எறங்கறதா? நான் வெட்ட மாட்டேன். துரைகிட்ட சொல்லுங்க. நல்ல மனுசன், கேப்பாரு.”

கேட்பார் என்பதுதான் என் பயம். போன வருஷம் வேறொரு ஜில்லாவில் எவனோ கபர்ஸ்தானுக்குள் மசி ஒற்றப் போய்ப் பெரிய ரகளையாகிவிட்டது. சமாதிகளில் யாரும் படி எடுக்கக் கூடாது, எடுத்தால் வேலை போகும் என்று சுற்றறிக்கை வந்தது. அதை முத்து முத்தாகப் பிரதி எடுத்து எங்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டியவன் நான். எழுபத்தொன்றை எடுத்தது அதற்கு ஒரு மாதம் கழித்து.

டிசம்பர் 7, செவ்வாய்

காலையில் துரையிடம் நானும் மேஸ்திரியும் போனோம். துரைக்குத் தமிழ் ‘வா, போ, சீக்கிரம்’ வரைக்கும்தான். மேஸ்திரிக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. நடுவில் நான்.

மேஸ்திரி தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு பேசினார். “துரை, நாலு வருசமா நீங்க குடுத்தது ஒண்ணையும் நான் தட்டுனதில்ல. இது கபர்மேல இருந்த பேரு. கால் படற எடத்துல வெக்கக் கூடாது. உங்க ஊட்டுப் புள்ள பேரு இப்படிக் கெடந்தா உங்க மனசு கேக்குமா? வேற எந்தப் படம் வேணும்னாலும் குடுங்க, சோறு தண்ணி பாக்காம ஒக்காந்து வெட்டித் தர்றேன். இது ஒண்ண மட்டும் மாத்திடுங்க.” இன்னும் சொன்னார். அவருடைய தகப்பனார் யார் யாருக்குக் கல் வெட்டினார் என்றெல்லாம் சொன்னார்.

துரை என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்றார்.

நிலைப்படி வெட்டுவது தன் தகுதிக்குக் குறைவு என்கிறார் என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. சொல்லும்போது கூசவில்லை. மனப்பாடம் செய்த மாதிரி வந்தது. நேற்று சாயங்காலம் முழுக்க, என்னை அறியாமல் என்று எழுதப் பார்த்தேன், அறிந்துதான், அதை இங்கிலீஷில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

துரையின் முகம் சிவந்துவிட்டது. பொதுக் காரியத்தில் படிக்கல்லும் ஒன்றுதான், கோபுரமும் ஒன்றுதான். இவ்வளவு மண்டைக்கனம் உள்ள ஆள் எனக்கு வேண்டாம், போகச் சொல் என்றார். நான் மேஸ்திரியிடம், துரை ஒத்துக்கொள்ளவில்லை, உங்களைப் போகச் சொல்கிறார் என்றேன். இந்தப் பாதி மட்டும் உண்மை.

மேஸ்திரி துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நான் அவ்ளோ நேரம் பேசினேன். நீங்க ஒரே பேச்சுல முடிச்சிட்டீங்களே.”

“இங்கிலீஷ்ல அப்படித்தான், சுருக்கமா வரும்” என்றேன்.

டிசம்பர் 8, புதன்

ஆபீஸில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் நாள் முழுக்க மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 19, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கத்தரிக்காய் சாம்பார். மத்தியானம் தூக்கம் வராமல் இந்த நோட்டைப் புரட்டினேன்.

மேஸ்திரி அது எழுத்து என்றதும் ‘அப்படியா’ என்றேன் என்று எழுதி வைத்திருக்கிறேன், ஏதோ அன்றைக்குத்தான் கேள்விப்பட்டவன் மாதிரி. என் நோட்டில் என்னையே ஏமாற்றுவானேன். எழுத்து என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே, பாலாற்று மேட்டில் இருக்கிற பழைய கபர்ஸ்தானில் எடுத்தது அது. பூவைப் படி எடுத்துப் படி எடுத்துப் பழகிய கண்ணுக்கு எது பூ, எது எழுத்து என்று தெரியாதா? அதனால்தான் இரண்டு முனையிலும் பூ சேர்த்தேன். எழுத்து என்று தெரிந்தது, கபர் என்று தெரிந்தது. பெயர் என்பது மட்டும் தெரியாது.

1898 ஜனவரி 10, திங்கள்

நிலைப்படி முடிந்தது. வெளியூரிலிருந்து மூன்று கல்தச்சர்கள் வந்து பன்னிரண்டு நாளில் வெட்டினார்கள். அவர்களுக்கு அது வெறும் கொடி. “எலை எதுவும் காணோமே, இது இன்னா கொடிங்க?” என்று மட்டும் ஒருவன் கேட்டான். சுண்ணாம்பு அடைத்து மெருகு போட்டதும் கருங்கல்லில் வெள்ளைக் கோடுகள் அப்படி எழுந்து நின்றன. துரை தட்டிக்கொடுத்தார். நான் சிரித்தேன்.

சாயங்காலம் ஒரு கடிதத்தைப் பிரதி எடுக்கச் சொன்னார். பக்கத்து ஜில்லாக்களில் வேலை பார்க்கிற எஞ்சினீயர்களுக்கு. தஸ்தகீர் என்ற கல் மேஸ்திரி கெட்டிக்காரர், ஆனால் கர்வம் பிடித்தவர், சொன்ன வேலையைச் செய்ய மாட்டார் என்று அதில் இருந்தது. நான்கு பிரதி எடுத்தேன். என் கையெழுத்தைத் துரை எப்போதும் மெச்சுவார். இன்றும் மெச்சினார்.

ஜனவரி 11, செவ்வாய்

கடிதங்கள் தபாலில் போய்விட்டன. நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

காலை ஒன்பது மணி இருக்கும். தெருவில் “அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல்லு கொத்தணுமா” என்று குரல் கேட்டது. அம்மி வழுக்கிவிட்டது, மிளகாய் அரைபடவே மாட்டேன் என்கிறது என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்த தெய்வநாயகி ஓடிப்போய்க் கூப்பிட்டாள். கொல்லைப் பக்கமாக வந்த ஆளை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தஸ்தகீர் மேஸ்திரி.

யாளி வாய்க்குள் உருளும் கல்லுருண்டை வெட்டியவர், தோளில் ஒரு பையோடு என் வீட்டுக் கொல்லையில் குந்தி உட்கார்ந்து அம்மி கொத்தினார். நான் நெல் மூட்டை வைத்திருக்கிற உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உளிச் சத்தம் நிற்கிற வரைக்கும் அங்கேயே இருந்தேன். தும்மல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். ஹெட் டிராப்ட்ஸ்மேன் ஆகப்போகிறவன்.

அவள் மோர் கொடுத்திருக்கிறாள். நோன்பு என்று மறுத்திருக்கிறார். பிறகு அவர்கள் பேசியது கதவுக்கு இந்தப் பக்கம் முழுக்கக் கேட்டது.

“கை இவ்வளவு சுத்தமா இருக்கே, இதுக்கு முன்ன எங்க வேலை செஞ்சீங்க?”

“டவுன் ஹால்ல இருந்தேம்மா.”

“அங்கயா? எங்க வீட்டுக்காரரும் அங்கதான். ஏன் விட்டுட்டீங்க?”

முதலியார் வீடு என்று அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

“ஒரு கல்லு வெட்ட மனசு வரலம்மா. அவ்ளோதான்.”

அவ்வளவுதான் சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால் நான் மத்தியானம் சாப்பிட்டிருப்பேன்.

அவர் போனதும் தெய்வநாயகி கதவைத் திறந்தாள். நெல் தூசியோடு நான் நின்றதைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் மாறிப்போயிற்று என்று சொன்னேன்.

“மாறிப்போச்சா? நீங்க பொய் சொல்லியிருக்கீங்க. அதைப் பொய்னே சொல்லுங்க. நாளைக்கே போய்த் துரைகிட்ட சொல்லிடுங்க.”

“வேலை போயிடும்.”

“அந்த மனுஷனுக்குப் போயிடுச்சே.”

மத்தியானம் அந்த அம்மியில் அரைத்த துவையல். வெண்ணெய் மாதிரி இருந்தது என்றாள். எனக்கு இறங்கவில்லை.

பிப்ரவரி 8, செவ்வாய்

சொல்லிவிடுவது என்று போனேன். துரை என்னைக் கண்டதும், நானே உன்னைக் கூப்பிட நினைத்தேன் என்று ஒரு காகிதத்தை நீட்டினார். ஹெட் டிராப்ட்ஸ்மேன் பதவிக்கான சிபாரிசு. ‘நான் அறிந்தவரையில் இந்த இலாகாவில் மிகவும் நம்பகமான சுதேசி ஊழியர்’ என்று எழுதியிருந்தார். திறப்பு விழாவில் மேஸ்திரிக்கு வைத்திருந்த சால்வையை எனக்குப் போடப்போவதாகவும் சொன்னார்.

நாக்கு எழவில்லை. நன்றி சொல்ல மட்டும் எழுந்தது.

பிப்ரவரி 9, புதன்

தெய்வநாயகிக்குக் கோபம். தட்டைச் சத்தமாக வைக்கிறாள்.

பிப்ரவரி 20, ஞாயிறு

கபர்ஸ்தானுக்குப் போனேன். எதற்கென்று தெரியவில்லை. கல் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்க என்று தெய்வநாயகியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

கல் இருந்தது. பக்கத்தில் மைமூன்பீ ஒரு துணியும் சாம்பலும் வைத்துக்கொண்டு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிற பெண்பிள்ளை, நாற்பது வயது இருக்கும். கல்லின் பள்ளங்களில் எல்லாம் கறுப்பு. என் மசி. அன்று தூறல் விழுந்து காகிதம் ஊறிக் கிழிந்துவிட்டது, மசி கல்லுக்குள் இறங்கிவிட்டது. ஒரு வருஷமாகியும் போகவில்லை.

அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அன்று நான் தலைப்பாகை கட்டியிருந்தேன்.

“பாருங்க சாமி, எவனோ ஒரு படுபாவி வந்து மையப் பூசிட்டுப் பூட்டான். பாவம், ஒம்போது வயசுப் புள்ளையோட கபரு. வாராவாரம் தேய்க்கறேன், போவ மாட்டேங்குது.”

“யாராம் அது?” என்றேன். என் குரல்தான்.

“யாரு கண்டா? படம் எழுதறவனாம். நான் சொல்லச் சொல்லக் கேக்கல. அவன் கை வெளங்குமா?”

ஆமாம், விளங்காது என்று தலையாட்டினேன்.

இனி மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். பெயர் என்று தெரியாது என்று டிசம்பரில் எழுதியதும் பொய். அன்று இந்த மைமூன்பீதான் எனக்கு எல்லாம் சொன்னாள். ஆம்பளை கபர்மேல் பேனாப்பெட்டி மாதிரி கல் இருக்கும், பெண்பிள்ளை கபர்மேல் சிலேட்டுப் பலகை மாதிரி தட்டையாக இருக்கும், அதுதான் அடையாளம் என்று சொன்னாள். இது சகீனா, அந்தக் காலத்தில் கோட்டை அதிகாரியாக இருந்த கில்லேதார் வீட்டுப் பெண், அம்மை போட்டுச் செத்தது, இந்தக் கோடெல்லாம் அவள் பேர்தான் என்று விரலால் தடவிக் காட்டினாள். மை மட்டும் வைக்காதீங்க சாமி என்றாள். சரி என்றேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிற வரைக்கும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தேன். அவள் மேட்டைத் தாண்டியதும் மசி டப்பியைத் திறந்தேன். ஏன் என்றால் அந்தக் கோடுகள் அவ்வளவு அழகாக இருந்தன, அவை என் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இன்று அவளிடமிருந்து துணியை வாங்கிக் கொஞ்ச நேரம் நானும் தேய்த்தேன். “நல்ல மனசு சாமி உங்களுக்கு” என்றாள்.

மார்ச் 5, சனி

டவுன் ஹால் திறந்தாயிற்று.

வாழை மரம், மாவிலைத் தோரணம், போலீஸ் பாண்டு. ஊரே கூடிவிட்டது. நான் சரிகைத் தலைப்பாகையும் அல்பாகா கோட்டும் புது பூட்சும் போட்டிருந்தேன். வாசலுக்கு வெளியே பந்தலில் கலெக்டர் எனக்குச் சால்வை போட்டார். துரை என்னைப் பற்றி நான்கு வார்த்தை சொன்னார். அதில் ஒன்று ‘நம்பிக்கை’.

பிறகு கதவைத் திறந்தார்கள். நிலைப்படியின் வேலைப்பாடு தெரியட்டும் என்று கம்பளத்தை இரண்டடி முன்னாலேயே நிறுத்தச் சொல்லியிருந்தார் துரை. கலெக்டர் அதன் மேல் பூட்ஸ் காலை வைத்து உள்ளே போனார். அவர் மனைவி போனாள். துரை போனார். துரைக்குப் பின்னால் நான். தாண்டியிருக்கலாம். ஒரு எட்டு அகலமாக வைத்தால் போதும். ஆனால் துரை வைத்த மாதிரியே காலை வைத்து, சால்வை நழுவாமல், அவர் நடையையே நடந்தேன். எப்படியும் இன்னும் ஆயிரம் பேர் மிதிக்கத்தானே போகிறார்கள் என்று ஒரு நினைப்பும் ஓடியது. மிதித்தேன். பூட்ஸ் ஆணி கல்லில் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது.

உள்ளே போய்த் தூணோரம் நின்றுகொண்டு வாசலைப் பார்த்தேன். ஜனங்களை விட்டார்கள்.

முதலில் வந்தவர் ஒரு பெரியவர், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நிலைப்படியைத் தாண்டிக் காலை வைத்தார். அடுத்தவரும் தாண்டினார். பின்னால் ஒரு பெண்பிள்ளை புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டினாள். கையில் பிடித்திருந்த குழந்தையை, “படிய மிதிக்காத, தாண்டி வா” என்று ஒரு தூக்குத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தாள். யாளித் தூணையும் கும்மட்டத்தையும் பார்த்து, இது சாமி இருக்கிற இடமோ என்னவோ என்று ஒரு கிழவர் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் ஒற்றிக்கொண்டார்கள்.

ஒருவரும் மிதிக்கவில்லை. எந்த வீட்டு வாசற்படியையும் நம் ஜனங்கள் மிதிக்க மாட்டார்களே. அது என் புத்தியில் ஏன் ஏறவில்லை? நாலு வருஷம் இந்தத் தேசத்தின் சொந்தப் பாணியை வரைந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளை யார் என்று தெரியாதவர்கள் எல்லோரும் தாண்டினார்கள். துரைகள் மிதித்தார்கள், அவர்களுக்கும் தெரியாது. தெரிந்து மிதித்தவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அவன் தோளில் சால்வை.

மார்ச் 6, ஞாயிறு

காலையில் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். இந்த ஊரில் நாலு வருஷமாக இருந்தும் அவர் வீடு எந்தத் தெரு என்று விசாரிக்க வேண்டியிருந்தது. வாசலில் பூவரச மரத்தடியில் ஒரு ஆட்டுக்கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார்.

“ஒக்காருங்க முதலியாரே. நேத்து தெறப்பு நல்லபடியா ஆச்சா?”

உட்காரவில்லை. நின்றபடியே, ஒரு விஷயம் சொல்ல வந்தேன் என்றேன். நேற்று ஊர் ஜனங்கள் யாரும் அந்தக் கல்லை மிதிக்கவில்லை, எல்லோரும் தாண்டிப் போனார்கள், சில பேர் தொட்டுக் கும்பிட்டார்கள் என்றேன்.

உளி அவர் கையிலேயே நின்றது.

“நெசமாவா? ஒருத்தரும் மிதிக்கலியா?”

“நம்ம ஜனம் ஒருத்தரும் மிதிக்கல.”

அவர் முகம் அப்படி மலரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “ஏ, இத வந்து கேளு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். “அந்தப் புள்ள பேர யாரும் மிதிக்கலியாம். தாண்டிப் போனாங்களாம். தொட்டுக் கும்பிட்டாங்களாம்.” சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. “எனக்கும்தான் தோணல பாருங்க. எத்தினி ஊட்டுல நெலப்படி வெச்சிருக்கேன்.”

அதோடு நான் கிளம்பியிருக்கலாம். கிளம்பத்தான் நினைத்தேன். அவர் அந்தச் சந்தோஷத்திலேயே, வெகு சாதாரணமாகக் கேட்டார்.

“நீங்க துரைங்க கூட போயிருப்பீங்க. நீங்களும் தாண்டித்தானே போனீங்க?”

ஆமாம் என்பது ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“நான் மிதிச்சேன்.”

அவர் மனைவி உள்ளே போய்விட்டாள். அவர் உளியைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை. கபர்ஸ்தான், மைமூன்பீ தண்ணீருக்குப் போனது, சுவரில் ஒட்டிய சுற்றறிக்கை, துரையிடம் அவர் பேசியதற்கு நான் சொன்ன இங்கிலீஷ், நான்கு பிரதி எடுத்த கடிதம், நெல் மூட்டை அறை, எல்லாம் சொன்னேன். மன்னிச்சிடுங்க என்று கையைக் கூப்பினேன்.

அவர் என் கையைப் பிடிக்கவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை. ஆட்டுக்கல்லின் தூளை வாயால் ஊதினார்.

“எனக்குத் தெரிஞ்சதத்தானே முதலியாரே எங்கிட்ட வந்து சொல்றீங்க? தெரியாதவரு ஒருத்தரு இருக்காரே, அவருகிட்ட போய்ச் சொல்லுங்க.”

மார்ச் 7, திங்கள்

காலை பத்தேகாலுக்குத் துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் சிபாரிசுக் காகிதத்தை மேசையறைக்குள் வைத்துப் பூட்டினார். தொப்பியை எடுத்துக்கொண்டு, தஸ்தகீர் மேஸ்திரியின் வீடு எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். மொழிபெயர்க்க நானும் எழுந்தேன். நீ வேண்டாம் என்றார். குமாஸ்தா நாதமுனியைக் கூட்டிக்கொண்டு போனார்.